முதலுக்கு மோசம் வராமல்: கொங்குத் தொழில்களும் இணையப் பாதுகாப்பும்

சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறி 45 நாளாகிவிட்டது, பணம் வரவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியின் மெர்ச்சண்டைசர் ஐரோப்பிய பையரைத் தொலைபேசியில் பிடிக்கிறார். “போன வாரமே அனுப்பிவிட்டோமே, நீங்கள் எழுதிய புதுக் கணக்குக்குத்தான்” என்கிறது எதிர்முனை. புதுக் கணக்கா? யார் எழுதியது? வந்துபோன மின்னஞ்சல்களைக் கிளறும்போதுதான் விஷயம் தெரிகிறது. முகவரியில் கம்பெனிப் பெயரின் ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகள் ஒட்டி நிற்கின்றன. திரையில் அவசரமாகப் பார்க்கும் கண்ணுக்கு அதுவும் ‘எம்’தான். இன்வாய்ஸ் எண் சரி, கார்ட்டன் எண்ணிக்கை சரி, பையரை வழக்கமாக விளிக்கும் முறைகூடச் சரி. வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு.

ஏற்றுமதி ஊர்களில் இந்த மோசடி ஏறத்தாழ இதே வரிசையில்தான் நடக்கிறது. யாரோ ஒருவரின் கடவுச்சொல் முதலில் கைமாறுகிறது. பிறகு திருடர்கள் வாரக்கணக்கில் அஞ்சல்பெட்டிக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்து படிக்கிறார்கள். யார் கையெழுத்திடுகிறார், எந்த ஷிப்மென்டுக்கு எப்போது பணம் வரும், முதலாளி எந்த வாரம் வெளிநாடு போகிறார் என்பதெல்லாம் தெரிந்த பிறகு, பணம் நகரும் வாரத்தில் மட்டும் வாய் திறக்கிறார்கள். 2013 அக்டோபர் முதல் 2023 டிசம்பர் வரை இந்த ஒருவகை மோசடியில் மட்டும் உலகெங்கும் பறிபோனதும் பறிபோக இருந்ததுமாக 5,500 கோடி டாலருக்கு மேல் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கணக்குச் சொல்கிறது.

இதைப் பற்றிக் கோவையிலோ கரூரிலோ ஒரு தொழில்முனைவோரிடம் பேச்செடுத்தால் வரும் பதில் எனக்குப் பழக்கமானது. “ஏனுங்க, நம்ம கம்பெனியில திருட என்னங்க இருக்குது? டேலியும் நாலு டிராயிங்கும்தானுங்க.” இதை அலட்சியம் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஒற்றை இலக்க லாபத்தில் ஓடும் தொழில்கள் இவை. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றியபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யும் திருப்பூரே மூச்சுத் திணறியது. அந்த நிலையில் இருப்பவரிடம் போய், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆபத்துக்காகப் பணம் போடுங்கள் என்றால், போட்டதற்கு என்ன வரும் என்று அவர் கேட்கத்தான் செய்வார். கேட்க வேண்டிய கேள்வி அது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொங்கு நாட்டுத் தொழிலுக்கு இணையப் பாதுகாப்பால் வரும் பெரிய வரவு, ஆர்டர் கைவிட்டுப் போகாமல் இருப்பதும் புது ஆர்டருக்கு வாசல் திறப்பதும்தான். திருட்டைத் தடுப்பது அதற்கு அடுத்தபடி. அதைத் தனித்தனிக் கம்பெனிகளாகச் செய்வதைவிட ஊர்கூடிச் செய்வதே இங்கே நடக்கக்கூடியது. இங்கே அப்படி ஒரு வேலை ஏற்கெனவே நடந்தும் இருக்கிறது.

முதலில் நின்றுபோகும் நாட்களின் கணக்கு. கோவையில் கணபதி பக்கம் ஒரு பவுண்டரியை எடுத்துக்கொள்வோம். இன்டக்‌ஷன் ஃபர்னஸில் உருகும் இரும்புக்குக் கணினி வைரஸைப் பற்றிக் கவலையில்லை. வார்ப்பு அச்சிலிருந்து வெளிவந்து, ஃபெட்லிங் முடிந்து, கடைசலும் ஆகி, பெட்டிக்குள் போய்விடும். லாரி கேட்டுக்கு வரும்போதுதான் சிக்கல். 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்குச் சரக்கு விற்றால் மின்-இன்வாய்ஸ் போட்டாக வேண்டும்; அதன்மேல் இ-வே பில். டேலி கணக்கு மென்பொருளும் அதிலுள்ள விலைப்பட்டியலும் பார்ட் எண்களும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரில் சிக்கிக்கிடந்தால், செய்து முடித்த சரக்கு வாசலிலேயே நிற்கும். பனியன் கம்பெனியில் இது சனிக்கிழமை மாலை தெரியும். தையல்காரர்களின் பீஸ் ரேட் கணக்கு எல்லாம் ஒரே எக்செல் கோப்பில் இருக்கும். வாரச் சம்பளத்துக்கு வரிசையில் நிற்பவர்களிடம் கோப்பு திறக்கவில்லை என்று சொல்லி அனுப்ப எந்த முதலாளிக்கும் நா எழாது.

கடைசல் பட்டறையில் வைரஸ் நுழைய இன்னொரு வழி இருக்கிறது. சி.என்.சி. இயந்திரத்தின் கணினி பத்துப் பதினைந்து ஆண்டுப் பழசு. அதன் விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தி எத்தனையோ காலமாயிற்று. ஜாப் ஒர்க் கொடுப்பவர் புரோகிராமைப் பென் டிரைவில் கொண்டுவந்து சொருகுகிறார். இதே பென் டிரைவ் காலையில் வேறு இரண்டு பட்டறைகளுக்கும் போய்வந்திருக்கும். இதைச் சிறு ஊர்ப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். உலகின் மிகப் பெரிய சிப் உற்பத்தியாளரான தைவானின் டி.எஸ்.எம்.சி., 2018 ஆகஸ்டில், புது இயந்திரம் ஒன்றை வைரஸ் சோதனை செய்யாமல் வலைப்பின்னலில் இணைத்தது. வான்னாக்ரை என்ற ரேன்சம்வேரின் ஒரு வகை உள்ளே பரவி அதன் ஆலைகள் சில நின்றன.

பெரிய நிறுவனங்கள் நின்றபோது என்ன ஆயிற்று என்பதற்குக் கணக்குகள் உண்டு. 2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா என்ற தீம்பொருள், டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை வீழ்த்தியபோது, மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்த நிறுவனம் நடத்திய முனையமும் முடங்கியது. மெர்ஸ்க் தன் இழப்பை 25 முதல் 30 கோடி டாலர் என்று சொன்னது. டாடாவுக்குச் சொந்தமான ஜாகுவார் லேண்ட் ரோவர், 2025 செப்டம்பர் தொடக்கத்தில் தாக்கப்பட்டு, பிரிட்டன் ஆலைகளில் ஐந்து வாரம்போலக் கார் செய்யவில்லை. அங்குள்ள சைபர் கண்காணிப்பு மையம் நாட்டுக்கு நேர்ந்த இழப்பை 190 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டது. 5,000-க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அடிபட்டன என்றது. கோவை வாசகர் நின்று பார்க்க வேண்டியது அந்த 5,000-ஐத்தான். பலவும் உதிரிபாகம் செய்து கொடுப்பவை. அவர்கள் வாசலில் எந்தத் திருடனும் வரவில்லை. பெரிய வீட்டில் புகுந்ததற்குச் சின்ன வீடுகளில் அடுப்பு அணைந்தது.

சிறியதும் நடுத்தரமுமான நிறுவனம் நேரடியாக அடிபட்டால் அது தாங்குமா என்பது இன்னும் கடினமான கேள்வி. இங்கிலாந்தின் கே.என்.பி. லாரி நிறுவனம் 158 ஆண்டுப் பழையது. 2023-இல் ஓர் ஊழியரின் எளிய கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே வந்ததாகக் கருதப்படும் கும்பல் தரவு அனைத்தையும் பூட்டியது. சில மாதங்களில் நிறுவனம் மூடப்பட்டு 700 பேர் வேலையிழந்தார்கள்.

எதிர்த்திசையில் எனக்குப் பிடித்த உதாரணம் நார்வேயின் அலுமினிய நிறுவனமான நார்ஸ்க் ஹைட்ரோ. 2019 மார்ச்சில் தாக்கப்பட்டபோது பணயத்தொகை தர மறுத்தது. காப்புப் பிரதிகளிலிருந்து தரவை மீட்டது. அதுவரை கையால், காகிதத்தைப் பார்த்து ஆலைகளை ஓட்டியது. நடந்ததை மறைக்காமல் அன்றன்று வெளியில் சொல்லியும் வந்தது. இழப்பு பெரியதுதான். ஆனால் வாடிக்கையாளர் நம்பிக்கை குலையவில்லை. முன்னேற்பாடு எதை வாங்கித் தருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டுக்குள்ளேயே நெருக்கமாகப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1904-இல் கும்பகோணத்தில் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியில், 2018 பிப்ரவரி 6 அன்று, வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் முனையத்தோடு இணைந்த அச்சு இயந்திரம் வேலை செய்யவில்லை. அனுப்பிய கட்டளைகளுக்கான ஒப்புதல் செய்திகளை அச்சிடுவது அதன் வேலை. மறுநாள் கணக்கு நேர்பார்த்தபோது, வங்கி அனுப்பாத மூன்று பரிமாற்றங்கள் துபாய்க்கும் துருக்கிக்கும் சீனாவுக்கும் போயிருப்பது தெரிந்தது. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது. இரண்டாண்டுக்கு முன் வங்கதேச மத்திய வங்கியிலும் இதேபோல அச்சு இயந்திரம்தான் முதலில் மௌனமாயிற்று, அங்கே 8.1 கோடி டாலர் போயிற்று. கும்பகோணத்தில் சேதம் அந்த அளவுக்கு வளராமல் போனதில், வரவையும் செலவையும் அன்றாடம் நேர்பார்க்கும் பழைய கணக்குப்பிள்ளைப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். பாதுகாப்பு என்றதும் விலையுயர்ந்த பெட்டியை வாங்கி மாட்டுவதாகவே நினைக்கிறோம். அதில் பாதி நம் தாத்தா காலத்து ஒழுங்கு.

“நம்மிடம் என்ன இருக்கிறது” என்ற கேள்விக்கு வருகிறேன். திருடனுக்குச் சில நேரம் நம் வீட்டுப் பொருள் வேண்டாம். நம் வீட்டுக் கொல்லைப்புறக் கதவு போதும். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து 4 கோடி அட்டை விவரங்கள் திருடுபோனது, குளிர்சாதன வேலை பார்த்த ஒரு சிறு நிறுவனத்தின் கடவுச்சொல் வழியாக. 2024 ஜூலையில் நம் நாட்டில் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனம் ரேன்சம்வேரில் சிக்கியதும், அதன் சேவையை நம்பியிருந்த 300 போலச் சிறு வங்கிகளைத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் தன் வலையிலிருந்து துண்டித்து வைத்தது. கிராமப்புற, கூட்டுறவு வங்கி வாடிக்கையாளர்கள் யு.பி.ஐ. செய்ய முடியாமல் நின்றார்கள். இவற்றைப் பார்த்த பெரிய பையர்கள் இப்போது சப்ளையரின் விலையைப் போலவே அவர் கணினியையும் விசாரிக்கிறார்கள்.

இனி, எவ்வளவு போடலாம்? இதற்கு ஒரு மதிப்பான கோட்பாடு இருக்கிறது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் கார்டனும் மார்ட்டின் லோபும் 2002-இல் வெளியிட்டது. எதிர்பார்க்கும் இழப்பில் அதிகபட்சம் 37 சதவீதம் வரை பாதுகாப்புக்குப் போடுவது லாபம். அதற்கு மேல் போடுவது பொதுவாக வீண் என்பது அதன் சாரம். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பம்ப் கம்பெனி பத்து நாள் நின்றால் 60 லட்சம் ரூபாய் நட்டம். அப்படி நிற்பதற்கு ஆண்டில் இருபதில் ஒரு வாய்ப்பு என்று வைத்தால், எதிர்பார்க்கும் இழப்பு ஆண்டுக்கு 3 லட்சம். அதில் 37 சதவீதம் என்றால் 1,11,000 ரூபாய். இந்தத் தொகைக்குள் ஒரு சிறு கம்பெனி நிறையவே செய்துகொள்ளலாம்.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு. இருபதில் ஒன்று என்பதை யார் அளந்தது? இந்தியாவில் ஒரு தரவுக் கசிவின் சராசரிச் செலவு 22 கோடி ரூபாய் என்று ஐ.பி.எம்.மின் 2025 ஆய்வு சொல்கிறது. அது பெரிய நிறுவனங்களின் சராசரி, சோமனூர் விசைத்தறிக்காரருக்கு அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. இன்னொன்று, சராசரி என்பது பலமுறை ஆடித் தாங்கக்கூடியவனுக்கான கணக்கு. ஒரே அடியில் முதலே போய்விடும் என்றால் சராசரி பார்த்துப் பயனில்லை. எல்லாவற்றையும்விட, அந்த 37 சதவீதம் என் நட்டத்தை மட்டும்தான் எண்ணுகிறது. என் அஞ்சல்பெட்டி திறந்து கிடந்ததால் பையருக்கு நேர்ந்த நட்டமும், திருப்பூர் என்ற பெயருக்கு நேர்ந்த நட்டமும் அதில் இல்லை.

நம் செலவை மிச்சம் பிடித்து அடுத்தவர் தலையில் கட்டுவது என்ன ஆகும் என்பதைத் திருப்பூரின் நொய்யல் ஆறு நமக்குக் காட்டியிருக்கிறது. சாயப்பட்டறைகள் கழிவுநீரை ஆற்றில் விட்டபோது ஒவ்வொரு பட்டறையின் கணக்கிலும் அது மிச்சம். ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் வயலுக்கு உதவாமல் போனதை எந்தப் பட்டறையும் தன் பேரேட்டில் எழுதவில்லை. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஊரே நின்றது. பிறகு அரசு உதவியோடு, கடனை வாங்கி, 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியாக, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்குத் திருப்பூர் மாறியது. தனியாக ஒரு சிறு சாயப்பட்டறை சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கியும் வாங்கி ஓட்டியிருக்க முடியாது. பலர் சேர்ந்ததால் முடிந்தது. அன்று கழுத்தை நெரித்த அதே செலவை இன்று ஏற்றுமதியாளர்கள் பையரிடம் பெருமையாகச் சொல்லி ஆர்டர் கேட்கிறார்கள். தண்ணீரை மீட்டு மறுபடி பயன்படுத்தும் ஊர் என்பது இப்போது திருப்பூரின் விற்பனைச் சொல்.

இணையப் பாதுகாப்பும் அதே பாதையில்தான் போகிறது. நாம் இப்போது 2011-க்கு முந்தைய கட்டத்தில் நிற்கிறோம். ஜெர்மன் கார் நிறுவனங்கள் 2017 முதல் தங்கள் சப்ளையர்களிடம் டிசாக்ஸ் என்ற தகவல் பாதுகாப்பு மதிப்பீட்டைக் கேட்கின்றன. கோவையின் வாகன உதிரிபாகப் பட்டறைகளில் இந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவை ஒன்று, சேலம் இன்னொன்று. ராணுவத்துக்கு உதிரிபாகம் செய்பவரின் டிராயிங் யார் கையில் இருக்கிறது என்று யாரும் கேட்காமல் விடமாட்டார்கள். மென்பொருள் விற்கும் கோவை நிறுவனங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவர்களிடம் ஐ.எஸ்.ஓ. 27001 தகவல் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லையென்றால் விலை பேசும் கட்டத்துக்கே வெளிநாட்டார் வருவதில்லை.

பம்ப் தொழிலுக்கு இதில் தனிச் செய்தி உண்டு. தோட்டத்து மோட்டாரை வீட்டுத் திண்ணையிலிருந்து கைபேசியில் போடும் மொபைல் ஸ்டார்ட்டர் கொங்கு விவசாயிக்குப் புதிதல்ல. பம்ப் இப்போது இரும்பும் செம்புக் கம்பியும் மட்டுமாக இல்லை. சிம் அட்டையும் செயலியும் சேர்ந்த பொருளாகிவிட்டது. அப்படி இணையத்தோடு பேசும் எந்தப் பொருளுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் சைபர் தாங்குதிறன் சட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின்படி, 2026 செப்டம்பர் 11 முதல், பொருளிலுள்ள ஓட்டையைத் திருடர்கள் பயன்படுத்துவது தெரிந்தால் உற்பத்தியாளர் 24 மணி நேரத்தில் முதல் எச்சரிக்கை தர வேண்டும். 2027 டிசம்பர் 11 முதல் சட்டம் முழுவதும் பொருந்தும். ஐரோப்பாவுக்கு ஸ்மார்ட் கன்ட்ரோலரோடு பம்ப் விற்க நினைக்கும் கோவைக்காரருக்கு இது பாதுகாப்பு விஷயம் என்பதைவிடச் சந்தை விஷயம்.

உள்நாட்டிலும் சட்டம் இறுகுகிறது. தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்பது 2022 முதல் விதி. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய காவல் வைக்காமல் தரவைக் கசியவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. தொழிலாளர்களின் ஆதார் நகலைத் திறந்த கணினியில் குவித்து வைத்திருக்கும் கம்பெனிகள் எத்தனையோ. அந்தக் கோப்புறையை இன்றே பார்ப்பது நல்லது.

அப்படியானால் கூட்டாக என்ன செய்யலாம்? பொதுச் சுத்திகரிப்பு நிலையம் போல ஒரு பொதுக் கண்காணிப்பு மையம். இருநூறு கம்பெனிகள் மாதச் சந்தா கட்டினால், இரவும் பகலும் யாராவது ஒருவர் எச்சரிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடிபட்டால் ஓடிவர ஒரு குழு இருக்கும். டிசாக்ஸ் கேள்வித்தாளை நிரப்பக் கைகொடுக்க அனுபவமுள்ளவர் இருப்பார். நடத்துவதற்குச் சங்கங்கள் இங்கே உண்டு: 1933-இல் தொடங்கிய தென்னிந்திய மில்கள் சங்கம், கோவைச் சிறுதொழில்களின் சங்கமான 1969-இன் கொடிசியா, 1990-இன் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம். ஆலைகள் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி நிலையம் நடத்தலாம் என்று சிட்ரா 1956-லேயே காட்டிவிட்டது. ஆட்களுக்கும் குறைவில்லை. எட்டிமடை அமிர்தா பல்கலைக்கழகத்தில் சைபர் பாதுகாப்புக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது; பி.எஸ்.ஜி. போன்ற கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வரும் பிள்ளைகளில் பலர் இந்த வேலைக்காகப் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். அவர்களுக்குக் கோவைப் பீளமேட்டிலேயே வேலை கொடுக்கும் காரியம் இது.

சங்கம் கூடும்வரை காத்திருக்க வேண்டாத வேலைகளும் சில உண்டு. மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைக்கக் காசு ஆகாது. இ-வே பில் தளமே 2025 ஏப்ரல் முதல் எல்லோருக்கும் அதைக் கட்டாயமாக்கிவிட்டது. கணக்கு எண் மாறியதாகக் கடிதம் வந்தால், கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டுப் பழைய டைரியில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்பது. இந்தப் பழக்கத்தை நம் பையருக்கும் சொல்லிவைத்தால், முதலில் சொன்ன மோசடி பெரும்பாலும் அங்கேயே செத்துவிடும். படிப்பும் அனுபவமும் மட்டும் காப்பாற்றாது. நூல் தொழிலில் நாடறிந்த வர்த்தமான் குழுமத்தின் எஸ்.பி. ஓஸ்வாலிடமே 2024 ஆகஸ்டில் ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டி 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அவர் வெளியே வந்து புகார் கொடுத்ததால் அதில் பெரும்பகுதி மீண்டது. அந்த ஆண்டு நாடு முழுவதும் இணைய மோசடியில் போனது 22,845 கோடி ரூபாய் என்று மக்களவையில் அரசு சொன்னது. பணம் போனது தெரிந்த நிமிடமே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைத்தால் நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் யோசித்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

காப்புப் பிரதி எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பல அலுவலகங்களில் அந்த ஹார்ட் டிஸ்க் எப்போதும் அதே கணினியில் சொருகியே கிடக்கிறது. ரேன்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மில் ஓடாத நேரத்தில், கணக்காளரையும் கணினி பார்க்கும் பையனையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒரு வெற்றுக் கணினியைக் கொடுத்து, போன வாரப் பிரதியிலிருந்து டேலியைத் திறந்து, ஒரே ஒரு இன்வாய்ஸ் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தொடங்கிய நேரத்தையும் இன்வாய்ஸ் அச்சில் வந்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டியில் போட்டு வையுங்கள். இரண்டு மணி நேரமா, இரண்டு நாளா, திறக்கவே இல்லையா என்று அந்தத் தாள் சொல்லிவிடும். அடுத்த ஆண்டுச் செலவுத் திட்டம் போடும்போது ஆடிட்டர் முன்னால் வைக்க வேண்டிய முதல் தாள் அது.